சுவாலையில் ஒரு கிண்ணம்: எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிற நேரம் இருபது நிமிடம். தலைவர் காதுக்குள் சொன்னது பதினைந்து. பின்னுக்கு நடனத்துக்குப் பிள்ளைகள் உடுப்பு மாற்றிக்கொண்டு நிற்கிறார்கள். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

சங்கம் இந்த வருடம் ஒரு சிறிய கண்ணாடிப் பட்டறை தொடங்க நினைத்திருக்கிறது. வேலை தேடிக்கொண்டிருக்கிற இளைஞர்கள், வீட்டோடு இருக்கிற பெண்கள், ஓய்வு பெற்ற எங்களைப் போன்ற ஆக்கள் வந்து பழகட்டும் என்பது எண்ணம். ஒருவர் தன்ர கராஜைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். நீங்கள் எல்லோரும் கொத்துரொட்டி விற்றும், சீட்டிழுப்பு நடத்தியும் சேர்த்த காசு பொருளாளரிடம் இருக்கிறது. போன கிழமை செயற்குழுவுக்கு ஒரு பட்டியல் வந்தது. வெளிநாட்டுக் கடையொன்று விற்கிற பெட்டி, உள்ளுக்குள்ளே முப்பத்திரண்டு கருவிகள். வடிவான பெட்டிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை வாங்கி, கப்பற்கூலியும் பதினைந்து வீத ஜீ.எஸ்.ரி. வரியும் கட்டினால் உங்கட காசில் அரைவாசிக்கு மேல் முடிந்துவிடும். நான் வேண்டாம் என்றேன். "ஏன் வேண்டாம் என்பதைச் சபையிலேயே சொல்லுங்கோ" என்றார்கள். சொல்ல வந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வசனம். ஊரில் ஒரு கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். இங்கே ஒக்லாந்து வந்த பிறகு, ஆய்வுகூடங்களுக்குக் கண்ணாடிச் சாமான் செய்கிற பட்டறை ஒன்றில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். குடுவையும் ஒடுக்கியும் செய்தது சம்பளத்துக்கு. பின்னேரங்களில் தண்டு வைத்த கிண்ணம் செய்தது ஆசைக்கு.

கண்ணாடி ஊதுவது என்றவுடன் பலருக்கும் ஞாபகம் வருவது பெரிய உலை, நீண்ட இரும்புக் குழாய், வியர்வை வழிகிற ஆள். அது வேறு வேலை. அதற்கு உலை இரவு பகலாக எரிய வேண்டும். நாங்கள் பேசுவது மேசையில் இருந்துகொண்டு செய்கிற வேலை. கடையில் வாங்கிய கண்ணாடிக் குழாயையும் கண்ணாடிக் கோலையும் ஒரு சுடரடுப்பின் சுவாலைக்குள் பிடித்து, உருட்டி, ஊதி, உருவம் எடுக்கிறது. உயர்தரத்தில் இரசாயனம் படித்த எல்லோரும் பன்சன் சுடரடுப்பில் கண்ணாடிக் குழாயை வளைத்திருப்பீர்கள். அதன் பேரப்பிள்ளை இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு உரிய சொல்லே விளக்கு வேலை என்பதுதான். இத்தாலியில் முரானோத் தீவிலும், 1597ஆம் ஆண்டு கண்ணாடி உலை வைத்துத் தொடங்கிய ஜெர்மனியின் லவ்ஷா என்ற மலையூரிலும், அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்குச் சுடரில் காற்றை ஊதி அதன் சூட்டில்தான் கண்ணாடியை உருக்கினார்கள். நீங்கள் இதைப் பார்த்திருக்கிறீர்கள், கண்ணாடியில் அல்ல, தங்கத்தில். யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் பத்தர் விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதி, ஊசி மாதிரி ஒரு நாக்காக்கி, சங்கிலி வளையத்துக்குப் பற்றாசு வைத்தாரே, அதே சூட்சுமம். அந்தப் பத்தரிடம் எத்தனை கருவி இருந்தது? உமியோடு, ஊதுகுழல், சாமணம், சுத்தியல், அரம், கம்பியச்சு, இன்னும் சிலது. கல்யாணக் கூறைக்கு வைத்த தாலிக்கொடி அந்தச் சின்ன மேசையிலிருந்து வந்தது. முப்பத்திரண்டு கருவிப் பெட்டியை அவர் கண்டதே இல்லை.

சரி, கிண்ணத்துக்கு வருவோம். கோப்லெற் என்று இவர்கள் சொல்கிற கிண்ணத்துக்கு மூன்று உறுப்பு: மேலே கிண்ணம், நடுவே தண்டு, கீழே பாதம். கிண்ணம் மெல்லியது, தண்டு தடிப்பானது, பாதம் அகன்றது. மெல்லியதும் தடிப்பானதும் ஒரே சூட்டில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதில்தான் முழுக் கஷ்டமும் இருக்கிறது.

நாங்கள் பாவிக்கப் போவது போரோசிலிக்கேற் கண்ணாடி. 1884இல் ஜெர்மனியின் ஜேனா நகரில் ஒட்டோ ஷொட் தொடங்கிய கண்ணாடிக்கூடத்தில் உருவான வகை. 1915இல் அமெரிக்காவில் பைரெக்ஸ் என்ற பெயரில் அடுக்களைக்கு வந்தது. சூட்டில் இது மிகக் குறைவாகத்தான் விரியும், போத்தல் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் சுவாலைக்குள் வைத்து எடுத்தாலும் சுலபத்தில் வெடிக்காது. ஆனால் இறுக்கமான ஆள். 820 பாகை செல்சியஸ் அளவில்தான் தன் பாரத்துக்கே தொய்யத் தொடங்கும். நன்றாக ஓடி உருவம் எடுக்க 1200 பாகைக்கு மேல் வேண்டும். சுவாலையிலிருந்து வெளியே எடுத்த கணமே இறுகத் தொடங்கும். மெல்லிய கிண்ண வாயை விரிக்க உங்களுக்குக் கிடைப்பது மூன்று செக்கன், கூடினால் நாலு.

இந்த மூன்று செக்கனை மனதில் வைத்துக்கொண்டு கருவியைப் பாருங்கள். கடைக்காரன் கருவியின் உருவத்தைக் காட்டி விற்கிறான்: இது கூம்பு, இது தட்டை, இது எண்கோணம். நான் கேட்கிற கேள்வி வேறு. இந்தக் கருவி கண்ணாடியைத் தொட்டவுடன் எவ்வளவு சூட்டைக் குடிக்கும்? அதிகம் குடித்தால் கண்ணாடி அந்த இடத்தில் விறைத்து, சுருக்கம் விழும், சிலவேளை நுணுக்கமான வெடிப்பும் விழும். குடிக்காமல் தானும் சூடேறிவிட்டால் கண்ணாடி அதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கருவிதான் நல்ல கருவி. உருவம் இரண்டாம் பட்சம்.

ஆனால் கருவிக்கு முன்னால் வாங்க வேண்டியது நாலு இருக்கிறது. பட்டியலில் இந்த நாலில் ஒன்றும் இல்லை என்பதுதான் என் முதல் ஆட்சேபம்.

முதலாவது கண். கண்ணாடி சூடேறும்போது அதிலுள்ள சோடியம் ஒரு மஞ்சள் ஒளியை வீசும், 589 நனோமீற்றர் அலைநீளம். அந்தப் பிரகாசத்துக்குள்ளே கண்ணாடியின் விளிம்பு எங்கே என்று தெரியாது. டிடிமியம் மூக்குக்கண்ணாடி அந்த மஞ்சளை மட்டும் வெட்டும். போட்டுக்கொண்டு பார்த்தால், முதல்முறை பார்க்கிறவர் "ஆ!" என்பார், மூடிய திரை விலகின மாதிரி இருக்கும். வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. பெரிய கிண்ணம் செய்பவர்களுக்கு டிடிமியம் மட்டும் போதாது, உருகிய கண்ணாடி வீசுகிற அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கிற வகை வேண்டும். ஆளுக்கொன்று வாங்குங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிற ஆக்களுக்கு மேலால் போடுகிற வகை இருக்கிறது.

இரண்டாவது மூச்சு. ஒட்சிசன் கலந்த சுவாலை, காற்றிலுள்ள நைதரசனையும் எரித்து நைதரசனீரொட்சைட்டு வாயுவை உண்டாக்கும். அது அந்த நேரம் பெரிதாக ஒன்றும் செய்யாது. சில மணித்தியாலத்துக்குப் பிறகுதான் நெஞ்சு இறுகும். காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லை. "கராஜ் கதவைத் திறந்து விடுவம்" என்று ஒரு தம்பி சொன்னார். யூலை மாத ஒக்லாந்துக் குளிரிலும் மழையிலும் கதவு எத்தனை நாள் திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சுடரடுப்புக்கு மேலே ஒரு கூண்டு வைத்து, விசிறியால் வெளியே இழுத்து விட வேண்டும். அதே அளவு காற்று உள்ளே வர மறுபக்கத்தில் வழியும் வேண்டும். எங்கட ஆக்களில் தச்சு வேலை தெரிந்தவர்களும் மின்சார வேலைக்கு அனுமதிப்பத்திரம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். பொருள் வாங்கினால் போதும், கூலி மிச்சம்.

மூன்றாவது சூளை. இதைத்தான் எல்லோரும் பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைப்பது. செய்த கிண்ணத்தை மேசையில் வைத்து ஆறவிட்டால், மெல்லிய கிண்ணம் முதலில் ஆறும், தண்டு சேருகிற தடிப்பான இடம் பிறகு ஆறும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உள்ளுக்குள் விறைப்போடு நிற்கும. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்து ஆராவது கழுவும்போது கையில் உடையும். உடைந்த கண்ணாடி எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. செய்து முடித்த கையோடு 565 பாகை அளவில் சூடாக இருக்கிற மின்சூளைக்குள் வைத்து, அங்கே நிறுத்தி, 510 பாகை தாண்டும்வரை மிக மெல்ல இறக்க வேண்டும். சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் சாதனம் உள்ள சூளையாக இருக்கட்டும். மட்பாண்டம் செய்பவர்கள் விற்கிற பழைய மின்சூளை இந்த நகரத்தில் கிடைக்கும். கட்டுப்பாட்டுச் சாதனம் புதிதாகப் பூட்டலாம். விற்பதற்கோ பரிசு கொடுப்பதற்கோ செய்கிற கிண்ணம் ஒன்றுகூடச் சூளைக்குள் போகாமல் இந்தப் பட்டறையை விட்டு வெளியே போகக்கூடாது. இந்த ஒரு விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாலாவது சுவாலை. சுடரடுப்பில் இரண்டு வகை. வாயுவும் ஒட்சிசனும் உள்ளே கலந்து வருவது ஒன்று, வாயிலில் வந்து கலப்பது மற்றது. பழகுகிற ஆக்களுக்கு வாயிலில் கலக்கிற வகைதான் நல்லது. சத்தமும் குறைவு, நெருப்பு உள்ளுக்குள் பாய்கிற பயமும் குறைவு. நோர்டெல் மைனர் போன்ற சிறிய சுடரடுப்பு மணி செய்யவும் சின்ன உருவங்கள் செய்யவும் மிக நல்லது. ஆனால் 38 மில்லிமீற்றர் குழாயைச் சுற்றிவர ஒரே சூட்டில் வைத்திருக்க அதன் சுவாலை போதாது. ஒரு பக்கம் சிவக்கும்போது மறுபக்கம் ஆறிப்போகும். கிண்ணம்தான் நோக்கம் என்றால் ஒரு படி பெரியது ஒன்று வாங்குங்கள். சிறியது மூன்று வாங்குகிற காசில் நடுத்தரம் ஒன்றே வாங்கி முறை வைத்துப் பழகலாம்.

ஒட்சிசனுக்கு அழுத்தச் சிலிண்டரா, காற்றிலிருந்து பிரித்தெடுக்கிற இயந்திரமா என்று கேட்டார்கள். வீட்டுக் கராஜ் என்றபடியால் என் வாக்கு இயந்திரத்துக்குத்தான். நிமிடத்துக்கு ஐந்து லீற்றர், ஏறக்குறைய 93 வீதம் ஒட்சிசன் தரும், சிலிண்டர் தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லை. அழுத்தம் குறைவு, ஆகவே குறைந்த அழுத்தத்தில் வேலை செய்கிற சுடரடுப்பா என்று கேட்டு வாங்க வேண்டும். நடுத்தரச் சுடரடுப்புக்கு இரண்டு இயந்திரத்தை இணைக்க வேண்டி வரும். எல்.பி.ஜீ. சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே நிற்கட்டும். இரண்டு குழாயிலும் நெருப்புத் திரும்பாமல் தடுக்கிற அடைப்பு வேண்டும். குழாய் எல்.பி.ஜீ.க்கு என்றே செய்ததாக இருக்க வேண்டும், அசற்றிலீன் குழாய் சரிவராது. சிலிண்டர் எடுக்கிற நிலை வந்தால் இன்னொன்று: தலைக்கு நல்லெண்ணெய் வைத்த கையோடு ஒட்சிசன் திருகைத் தொடவேண்டாம். அழுத்தமான ஒட்சிசனோடு எண்ணெய் சேர்ந்தால் தானே பற்றும்.

இவ்வளவும் வாங்கிய பிறகு மிஞ்சுகிற காசுதான் கைக்கருவிக்கு. பயப்பட வேண்டாம், போதும்.

முதல் கருவி காரீயத் துடுப்பு. காரீயம் என்று நான் சொல்வது ஈயத்தை அல்ல, பென்சிலுக்குள் இருக்கிற கிராபைற்றை. போகலையிலும் கஹட்டகஹவிலும் நிலத்துக்குக் கீழே நரம்பு நரம்பாக ஓடுகிற எங்கட இலங்கைக் காரீயம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் கப்பலாகப் போனது. (இன்றைக்குக் கருவிக்கு வருவது பெரும்பாலும் தொழிற்சாலையில் அழுத்திச் செய்த செயற்கைக் காரீயம். என்றாலும் கையில் எடுக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.) சூடான கண்ணாடி இதில் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போகும். கண்ணாடியை உருட்டவும், அடியைத் தட்டையாக்கவும், பாதத்தை நேராக்கவும் இந்த ஒன்றே போதும்.

தேர்ந்தெடுக்கும்போது பாருங்கள்: தடிப்பு அரை அங்குலத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. மிகத் தடித்த துடுப்பு சூட்டை ஒரே இழுவையாகக் குடித்துவிடும், கையும் நோகும். மேற்பரப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். குழியோ கீறலோ இருந்தால் அது அப்படியே கண்ணாடியில் பதியும். பழையது மலிவாகக் கிடைத்தால், மெல்லிய அரத்தாளைக் கண்ணாடித் தட்டின் மேல் விரித்துத் தேய்த்து எடுத்துவிடலாம், ஆனால் தூசைச் சுவாசிக்காமல். காரீயத்தைச் சுவாலைக்குள் பிடிக்கக் கூடாது. 500 பாகை அளவிலேயே காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல எரியத் தொடங்கிவிடும், விளிம்பு தேயும். கீழே விழுந்தால் உடையும். சீமெந்துத் தரை என்றபடியால் மேசைக்குக் கீழே பழைய கம்பளத் துண்டு போடவும் கூடாது, சூடான கண்ணாடி விழுந்தால் பற்றும். ஆகவே துடுப்பை வைக்க மேசையில் ஓர் இடம், எப்போதும் அதே இடம்.

இரண்டாவது ரீமர், கிண்ண வாயை விரிக்கிற காரீயக் கோல். கிண்ணத்தின் முகமே இதில்தான் இருக்கிறது. கூம்பு வடிவம், அம்புத்தலை மாதிரித் தட்டை வடிவம் என்று இரண்டு முக்கிய வகை. கூம்பை உள்ளே விட்டால் அதன் சாய்வு எதுவோ அதுதான் கிண்ணத்தின் சாய்வு. எல்லாக் கிண்ணமும் புனல் மாதிரியே வரும். தட்டை ரீமர் கண்ணாடியை இரண்டு கோட்டில் மட்டும் தொடும், சூட்டைக் குறைவாகக் குடிக்கும், எந்தக் கோணத்துக்கும் நீங்கள் கையைச் சரித்துக்கொள்ளலாம். பழக இரண்டு கிழமை கூடத் தேவைப்படும். ஆனால் ஒரே ஒரு ரீமர்தான் வாங்கலாம் என்றால் தட்டையை வாங்குங்கள். அந்தப் பெட்டியில் ஒன்பது ரீமர் இருக்கிறது, அதில் ஏழு கூம்பு.

மூன்றாவது சாமணம். துருப்பிடிக்காத இரும்பில், ஒரு சாண் நீளத்துக்குக் குறையாமல். கட்டையாக இருந்தால் விரல் சுடும். நுனி கூர் வேண்டாம், மொட்டையாக இருக்கட்டும். அழுத்தினால் மெதுவாகச் சேர வேண்டும். விறைத்த சாமணத்தோடு ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் பெருவிரல் மரத்துப்போகும்.

நாலாவது தங்ஸ்ரன் ஊசி. கண்ணாடியில் ஓட்டை போடவும், வேண்டாத துளியை இழுத்து எடுக்கவும். தங்ஸ்ரன் 3400 பாகைக்கு மேல்தான் உருகும், சுவாலை அதை ஒன்றும் உருக்காது. கண்ணாடிக் கடையில் இதற்கு நல்ல விலை சொல்வார்கள். நீங்கள் வெல்டிங் சாமான் விற்கிற கடைக்குப் போங்கள். ரிக் வெல்டிங் செய்கிற 2.4 மில்லிமீற்றர் தங்ஸ்ரன் கோல் அதேதான். ஒரு மரப்பிடியில் இறுக்கினால் கருவி தயார். ஒரு கவனம்: நுனியில் சிவப்பு நிறம் பூசிய கோல் வேண்டாம். அதில் தோரியம் கலந்திருக்கிறது, கதிர்வீச்சுள்ள பொருள், கூராக்கும்போது வருகிற தூசு நுரையீரலுக்குக் கூடாது. பச்சை நிறம் பூசியது சுத்தமான தங்ஸ்ரன், அதை வாங்குங்கள்.

ஐந்தாவது ஊதுகுழாய். கிண்ணத்தை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே ஊத வேண்டும். வாயைக் குழாயில் நேரே வைத்தால் கண் சுவாலையை விட்டு விலகிவிடும். மெல்லிய இறப்பர்க் குழாயின் ஒரு நுனியில், முறுகாமல் சுழல்கிற மூட்டு ஒன்று. மூட்டு மட்டும் நல்லதாக வாங்கவும், மற்றதெல்லாம் பத்து டொலர்ச் சாமான். வாயில் வைக்கிற துண்டு ஆளுக்கொன்று, சொல்லத் தேவையில்லை. எங்களுக்குக் கொரோனாக் காலம் மறக்கவில்லை.

இவற்றோடு ஒரு கவராயம், பாதத்தின் அகலத்தை அளக்க. செய்து முடிந்த பாதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை விரிப்பதற்கு நகம் மாதிரிப் பற்றுகிற ஒரு பிடி. அவ்வளவுதான். உருளைத் தாங்கி ஒன்று நாங்களே செய்யலாம். இரண்டு சில்லுக்கிடையே குழாயைக் கிடத்தி உருட்டுவது. பிள்ளைகள் எறிந்த உருள்சப்பாத்தின் சில்லு போதும். கை நடுங்குகிற, மூட்டு நோகிற மூத்தவர்களுக்கு இது பெரிய உதவி. அந்த விலையுயர்ந்த பெட்டிக்குள்ளே இது இல்லவே இல்லை.

பெட்டியில் பளபளவென்று இருக்கிற பெரிய இரும்பு இடுக்கி, ஜாக் என்பார்கள், அது உலைக் கண்ணாடிக்காரருடைய வலதுகை. தேன்மெழுகு பூசிக்கொண்டு பாவிப்பார்கள். மேசைச் சுவாலையில் கிண்ணக் கழுத்தை ஒடுக்க உதவும்தான், ஆனால் அது இரண்டாம் வருடச் சாமான். பித்தளைக் கருவிகளும் அப்படியே. மென்கண்ணாடிக்கு நல்லது, போரோவின் சூட்டில் கெதியாகச் சூடேறி ஒட்டிக்கொள்ளும்.

வர்ணக் கண்ணாடி பற்றி ஒரு சொல். 1993இல் இந்த ஒக்லாந்தில் ஜோன் குரூச்சரும் ஜோன் லெகொற்றும் தொடங்கிய காஃபர் கிளாஸ் என்ற வர்ணக் கண்ணாடி உலகம் முழுவதும் பேர் எடுத்தது. உள்ளூரில் செய்ததுதானே, அதை வாங்கிப் போரோக் கிண்ணத்தில் வைத்து அலங்கரிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது உலை வேலைக்கும் வார்ப்பு வேலைக்குமானது, விரிவு வேறு. ஒட்டின இடத்திலேயே வெடிக்கும். போத்தல் துண்டும் அப்படித்தான். போரோவோடு போரோதான் சேரும்.

கருவி குறைவாக இருந்தால் வேலை குறைவாக இருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கட பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில், 1945இல் மோர்ட்டிமர் வீலர் தோண்டிய இடத்தில், ஆயிரக்கணக்கில் சின்னக் கண்ணாடி மணிகள் கிடைத்தன. மன்னார் மாந்தையில் 1980 தொடக்கம் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழ்விலும் கண்ணாடி மணிகள் வந்தன. போர் வந்து அந்த வேலை நின்றுபோனது. அந்த வகை மணியை ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை செய்துவந்தார்கள். உலையிலிருந்து கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயில் எடுத்து, மெல்லிய குழாயாக இழுத்து, வெட்டி எடுப்பது. ஓர் இரும்புக் குழாயும் கம்பியும், மிச்சம் கை.

கை என்றவுடன் ஒன்று சொல்ல வேண்டும். கருவியைப் படம் பார்த்து வாங்காதீர்கள். சாமணமும் துடுப்பும் பிடிக்கப் போகிறவரின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கருவிகள் பெரும்பாலும் பெரிய வெள்ளைக்கார ஆம்பிளைக் கைக்கு அளந்து செய்தவை. எங்கட அக்காமாரின் கைக்குப் பிடி தடிப்பு, நீளம் கூட. பிடியைக் கழற்றி, தும்புத்தடியிலோ தேயிலைத் தட்டுப் பலகையிலோ செதுக்கிப் போட்டாலும் சரிதான். இடக்கைக்காரருக்குக் கத்தரி வேறாக வேண்டும். வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் இரண்டு பேர் இடக்கை.

போன ஞாயிறு ஓர் அம்மா கேட்டார்: "அண்ணை, இதிலை சோறு கிடைக்குமோ? மகன் படிப்பையும் விட்டுட்டு இதுக்குள்ள போயிடுவான் போலக் கிடக்கு." நேர்மையாகச் சொல்கிறேன். கிண்ணம் செய்து மட்டும் இந்த நகரத்தில் வீட்டு வாடகை கட்டுகிறது மிகக் கடினம். ஆய்வுகூடக் கண்ணாடி வேலை இருக்கிறது, ஆனால் நாடு முழுவதும் சேர்த்தாலும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். சந்தையில் மணியும் சிறு கிண்ணமும் விற்றுக் கைச்செலவு பார்க்கலாம், உடைந்த சாமான் திருத்திக் கொடுக்கலாம். மகனிடம் படிப்பை விடச் சொல்ல வேண்டாம், சனிக்கிழமை பின்னேரம் அனுப்புங்கோ. அதோடு, ஊரில் தச்சராக, பத்தராக, மெக்கானிக்காக இருந்துவிட்டு இங்கே பத்திரம் செல்லாது என்பதால் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற எத்தனையோ கைகள் இந்த மண்டபத்தில் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குச் சுவாலையைக் கண்டால் ஒரு மாதத்தில் விளங்கிவிடும். மற்றவர்களுக்கு ஒரு வருடம். அவர்கள்தான் இங்கே ஆசிரியர்களாக வரப்போகிறார்கள் என்பது என் கணக்கு.

பெற்றோர்களுக்கு இன்னொன்று, மறைக்காமல். போரோக் கண்ணாடி ஊதத் தெரிந்த பெடியனைத் தேடிச் சிலர் வருவார்கள். நுனியில் குமிழ் வைத்த சின்னக் குழாய் ஒன்றுதான், ஐந்து நிமிட வேலை, கையில் காசு என்பார்கள். அது ஐஸ் என்கிற மெத் போதைப்பொருள் புகைக்கிற குழாய். அதைச் செய்து விற்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். பட்டறையின் திறப்பு எப்போதும் இரண்டு பெரியவர்களிடம் இருக்க வேண்டும், தனிய ஒருவரும் சுடரடுப்பை மூட்டக்கூடாது என்று நான் கேட்பதற்கு நெருப்புப் பயம் ஒரு காரணம். இது மற்றக் காரணம்.

இனி நான் கேட்பது இதுதான். அந்தப் பெட்டியை வாங்கும் தீர்மானத்தைச் செயற்குழு கைவிடட்டும். சூளை, காற்றோட்டம், கண்ணாடி, சுடரடுப்பு என்ற ஒழுங்கில் முதல் காசு போகட்டும். நான் சொன்ன கைக்கருவிகளில் இரண்டு தொகுதி போதும். மிஞ்சினால், மிஞ்சும் என்றுதான் நினைக்கிறேன், அதற்கு முழுக்கக் கண்ணாடிக் குழாய் வாங்குங்கள். ஒன்றரை மீற்றர் நீளத்தில் வரும், வளையாமல் கொண்டுவர ஒரு வான் தேவை. முதல் ஐம்பது கிண்ணம் குப்பைக்குத்தான் போகும். அதற்குக் கண்ணாடி வேண்டும், கருவி அல்ல.

என்னிடம் இருக்கிற இரண்டு துடுப்பையும், ஒரு தட்டை ரீமரையும், பழைய சாமணத்தையும் பட்டறைக்குத் தருகிறேன். வாசலில் மேசையில் வைத்திருக்கிறேன், சாப்பாட்டு வேளையில் பிடித்துப் பாருங்கள். முக்கியமாக அக்காமார் பிடித்துப் பார்த்துவிட்டு, பிடி எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பக்கத்தில் இருக்கிற கொப்பியில் எழுதிவிடுங்கோ. பிள்ளைகள் நடனத்துக்கு ஆயத்தம் போல இருக்கிறது, தலைவரும் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.